கழற்றுவதற்கென்றே செய்யப்பட்ட ரிவெட்

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளின் எடை இரண்டு மூன்று கிராம்தான். காரின் பானட்டைத் தூக்கினால் முன் பம்பரின் மேல்விளிம்பில் வரிசையாகத் தெரியும் கறுப்பு வட்டத் தலைகள், சக்கரத்தின் மேல் மண் தெறிக்காதபடி வளைந்து மூடியிருக்கும் உறையைப் பிடித்திருப்பவை, கதவின் உட்புறம் டோர் பேடுக்குப் பின்னால் மறைந்திருப்பவை, டிக்கியின் பக்கவாட்டு அட்டையை நிறுத்தியிருப்பவை எல்லாம் ஒரே குடும்பம். உதிரிபாகப் பட்டியலில் பிளாஸ்டிக் ரிவெட் என்று அச்சாகியிருக்கும். பட்டறையில் கிளிப் என்றால் போதும். ரிவெட் என்பது இதற்கு அவ்வளவாகப் பொருந்தாத பெயர். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் உத்திரங்களை இணைத்த ரிவெட்டுகளை நினைத்துப் பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் விட்டு, மறுமுனையை அடித்துத் தலையாக்கினார்கள். அது இறுகியபின் எடுக்க வேண்டுமானால் தலையைச் சீவி எறிய வேண்டியதுதான். பிரிக்கவே தேவைப்படாத இடத்துக்கு உரியது அது. காரின் பிளாஸ்டிக் ரிவெட்டோ பிரிக்க வேண்டிவரும் இடத்துக்கென்றே செய்யப்பட்டது. அதன் உருவத்தில் பாதி மாட்டுவதற்கு, மறுபாதி கழற்றுவதற்கு. அப்படியிருந்தும் ஒரு பம்பரை இறக்கி ஏற்றினால் சில கிளிப்புகளாவது உடைந்து குப்பைக்குப் போகின்றன. மலிவான பிளாஸ்டிக், அதனால் உடைகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த விளக்கம் போதாது என்பதே என் வாதம். கழற்றும் வழி அந்தக் கிளிப்புக்குள்ளேயே இருக்கிறது. கழற்றப்போகும் கைக்கு மட்டும் அது சொல்லப்படவில்லை. உடைவதில் பெரும்பகுதி இந்த இடைவெளியிலிருந்து வருகிறது.

கிளிப் எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பார்ப்போம். தூண்டில் முள் எளிதாக இறங்கும், இழுத்தால் வராது. ஒற்றைத் துண்டாக வரும் கிளிப்பின் தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் மடல்களும் அப்படித்தான். துளைக்குள் போகும் பக்கத்தில் சரிவு மென்மையாக இருக்கும், திரும்பி வரும் பக்கத்தில் செங்குத்தாக இருக்கும். இந்த இரு கோணங்களின் வேறுபாட்டால்தான் கட்டைவிரல் அழுத்தத்துக்கு உள்ளே போவது அதே விசையில் வெளியே வர மறுக்கிறது. இரண்டு துண்டாக வருவதில் ஓர் உடலும் ஒரு நடு ஆணியும் உண்டு. உடலின் கால்கள் பிளந்திருக்கும். ஆணி இறங்கியதும் அவை விரிந்து தகட்டின் பின்பக்கத்தைக் கவ்வும். சுவரில் திருகு ஏற்றுமுன் வைக்கும் ரால் பிளக்கும் இதே முறைதான். ஜெர்மனியின் ஆர்ட்டூர் ஃபிஷர் 1958இல் நைலானில் உருவாக்கிய பிளக், திருகு உள்ளே போகப் போக விரிந்து சுவரைப் பற்றியது. இந்தக் குடும்பத்துக்குத் தையல்காரர் பக்கத்திலும் ஓர் உறவு உண்டு. பிரான்ஸின் கிரெனோபிள் நகரம் கையுறைத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே ரேமண்ட் நிறுவனம் 1886இல் கையுறைகளுக்கென ஒரு பிரஸ் பட்டனை உருவாக்கியது. அதே நிறுவனம்தான் இன்று கார் ஆலைகளுக்குக் கிளிப்புகளைச் செய்து தருகிறது. இந்த வம்சாவளியை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அவிழ்க்க முடியாத பட்டனை யாரும் பட்டன் என்று ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அவிழ்க்கும் முறை வகைக்கு வகை மாறுகிறது, சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு வட்டம். ஒரு வகையில் நடு ஆணியை மேலே இழுக்க வேண்டும். அதன் விளிம்பில் மெல்லிய தட்டை நுனி நுழைய ஒரு சிறு பள்ளம் இருக்கும். ஒரே பக்கத்தில் நெம்பாமல் இரு பக்கமும் மாறி மாறி உயர்த்தினால் ஆணி ஓரளவு எழுந்து நின்றுவிடும். அப்போது கால்கள் தாமாகவே ஒடுங்கிவிடும், உடலை விரலாலேயே எடுத்துவிடலாம். இன்னொரு வகையில் இதற்கு நேர்மாறாக ஆணியை உள்ளே அழுத்த வேண்டும். மழுங்கிய முனையுள்ள ஒன்றால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அழுத்தினால் ‘டக்’ என்று ஓர் ஒலி வரும், அங்கே நிறுத்திவிட வேண்டும். மேலும் குத்தினால் ஆணி உள்ளே விழுந்து, வண்டி ஓடும்போதெல்லாம் கடகடக்கும். மறுபடி மாட்டும்முன் ஆணியைக் கீழிருந்து தள்ளி, தலைக்கு மேலே நிற்கும்படி செய்ய வேண்டும். பிறகு உடலைத் துளையில் வைத்து, ஆணி தலையோடு சமமாகும்வரை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். மூன்றாவது வகையின் தலையில் ஸ்டார் திருப்புளிக்கான வெட்டு இருக்கும். அதைக் கண்டதும் திருகு என்று நினைத்து, பலம் கொடுத்து அழுத்தியபடியே திருகுகிறார்கள். பிளாஸ்டிக் மரை மழுங்கிப்போகிறது. செய்ய வேண்டியது, திருப்புளியை லேசாக வைத்து இடப்பக்கம் சுழற்றிக்கொண்டே தலையின் அடியில் சற்றுத் தூக்கிக் கொடுப்பது. இதை மாட்டும்போது பெரும்பாலும் திருகவே வேண்டாம், அழுத்தினால் போதும். இப்போது எண்ணிப் பாருங்கள். உள்ளே அழுத்த வேண்டியதை மைனஸ் திருப்புளியால் வெளியே நெம்பினால் விரிந்த கால்களோடு உடலையும் இழுக்கிறோம். அது உடையாமல் என்ன செய்யும்? எந்தப் பொருளில் செய்திருந்தாலும், பூட்டியபடியே இழுத்தால் முறியத்தான் செய்யும்.

மடல் கிளிப்புக்கு நடு ஆணி கிடையாது, நெம்பித்தான் எடுக்க வேண்டும். அங்கே கருவியின் வடிவம் முடிவு செய்கிறது. இரு கிளையாகப் பிரிந்த நெம்புகோல் தண்டின் இருபுறமும் தலைக்கு அடியில் அமர்ந்து, கிளிப்பை நேராக மேலே தூக்கும். ஒற்றை நுனித் திருப்புளி ஒரு பக்கத்தை மட்டும் தூக்குவதால் தண்டு வளைகிறது, தலை கிழிந்து கையோடு வருகிறது, தண்டு துளையிலேயே தங்கிவிடுகிறது. டோர் பேடிலும் இதே கணக்குதான். முதலில் கைப்பிடிக் குழியிலும் தாழ்ப்பாள் கிண்ணத்திலும் சிறு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் திருகுகளை எடுத்துவிட வேண்டும். பிறகு கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கிளிப்புக்கும் மிக அருகில் நெம்புகோலை வைத்து ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். கிளிப்புக்குத் தள்ளி நின்று அட்டையை இழுத்தால் விசை முழுவதும் அட்டையில் இறங்கும். கிளிப்பைத் தாங்கும் சிறு கூடு அட்டையின் பின்பக்கத்திலிருந்து பெயர்ந்துவிடும். கிளிப் போனால் சில ரூபாய். கூடு பெயர்ந்தால் டோர் பேடே போயிற்று. சக்கர உறைக்கு இன்னொரு முன்வேலை உண்டு. நடு ஆணிக்கும் காலுக்கும் இடையே மணல் புகுந்து இறுகியிருக்கும். பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு முதலில் கழுவினால் பாதி எதிர்ப்பு போய்விடும். கழற்றுபவர் கருவியை எடுக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

பொருளின் இயல்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வயதான கிளிப் முறையாகக் கழற்றினாலும் உடையக்கூடும். பெரும்பாலான கிளிப்புகள் நைலானிலும் அசிட்டாலிலும் பாலிப்ரோப்பிலீனிலும் செய்யப்படுகின்றன. நைலானை 1935இல் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு உருவாக்கியது. அதன் விசித்திரம், அது தண்ணீர் குடிக்கும். நைலான் 66 சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 2.5 விழுக்காடு ஈரத்தை எடுத்துக்கொள்ளும், நீரில் ஊறவிட்டால் 8 விழுக்காட்டுக்கும் மேல் போகும். அந்த ஈரம்தான் அதற்கு வளையும் தன்மையைக் கொடுக்கிறது. ஈரம் வற்றிய நைலான் மொறுமொறுப்பாக முறியும். எனவே ரேடியேட்டருக்கு அருகே ஆண்டுக்கணக்கில் வெந்த கிளிப்பும், கதவுக்குள் நிழலில் இருந்த கிளிப்பும் ஒரே நாளில் ஒரே அச்சில் பிறந்திருந்தாலும் ஒரே வயதுடையவை அல்ல. முன்னதில் ஈரம் போனதோடு, வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மூலக்கூற்றுச் சங்கிலிகளையே அறுத்திருக்கும். ஆகவே பிளாஸ்டிக் முதுமையடைகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எஞ்சின் அறையில் இருப்பதை உடையும் என்று எதிர்பார்த்து மாற்றுக் கிளிப்பைக் கையில் வைத்துக்கொள்வதும், கதவில் இருப்பதை உடையாமல் எடுக்க முடியும் என்று நம்பிப் பொறுமையாக எடுப்பதும் இந்த அறிவு இருந்தால்தான் நடக்கும். எல்லாம் ஒரே பிளாஸ்டிக் என்று நினைக்கும் கை இரண்டையும் ஒரே மாதிரிதான் இழுக்கும்.

இங்கே அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஒரு வலுவான மறுப்பைச் சொல்வார்கள். இவ்வளவு வம்பு எதற்கு, ஒரு செல்ஃப் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டால் ஆயுசுக்கும் நிற்குமே என்பது அந்த மறுப்பு. உறுதி ஒன்றே அளவுகோல் என்றால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் வெயிலில் நிற்கும் காரை நினைத்துக்கொள்ளுங்கள். விடியலில் 25 டிகிரியில் இருக்கும் கறுத்த பம்பர், மே மாத உச்சிவெயிலில் 65 டிகிரியைத் தொடக்கூடும். அந்த 40 டிகிரி ஏற்றத்தில் ஒரு மீட்டர் எஃகு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். ஒரு மீட்டர் பாலிப்ரோப்பிலீன், அதன் கலப்பைப் பொறுத்து, இரண்டரை முதல் நான்கு மில்லிமீட்டர் வரை நீளும். பம்பரோ ஒன்றரை மீட்டருக்கும் மேல் அகலமானது. இந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான் துளைகள் சிலவற்றை நீள்வட்டமாக வெட்டி, அதில் நகரக்கூடிய கிளிப்பை வைத்தார்கள். இரும்புத் திருகால் இறுக்கினால் பம்பர் நீள இடமின்றி நெளியும், அல்லது திருகைச் சுற்றி விரிசல் விடும். திருகு தகட்டின் பெயின்ட்டையும் துத்தநாகப் பூச்சையும் கீறித் துருவுக்கு வழி திறக்கிறது. கடற்கரை ஊர்களில் இது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. கதவுக்குள்ளும் தூண்களுக்குள்ளும் ஒயர்கள் ஓடுகின்றன, கூர்முனைத் திருகுக்கு அவை தெரியாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, கிளிப்பின் பலவீனம் திட்டமிட்ட பலவீனம். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் உருகி டிவியைக் காப்பாற்றுவதுபோல, லேசான இடியில் கிளிப் விட்டுக்கொடுத்து பம்பரைப் பொருத்தும் காதுகளைக் காப்பாற்றுகிறது. அந்த இடத்தில் இரும்பை வைப்பது ஃபியூஸுக்குப் பதில் கெட்டிக் கம்பி சுற்றுவதற்குச் சமம்.

அப்படியானால் உடைத்தே எடுத்து, புதிதை மாட்டிவிடலாமே, விலைதான் சொற்பமாயிற்றே என்பது அடுத்த மறுப்பு. புதிது கையில் இருந்து, அதுவும் சரியான அளவாக இருந்தால் எனக்கு எதிர்ப்பில்லை. காற்றுப்பை பொதிந்த தூண் உறைகளில் பல தயாரிப்பாளர்கள் கேட்பதே அதைத்தான். அங்கே உள்ள கிளிப்புகளில் ஒரு கட்டுவார் இருக்கும். காற்றுப்பை வெடித்து விரியும்போது உறை பிய்த்துக்கொண்டு பயணியின் முகத்தில் பாயாதபடி அது பிடித்து நிறுத்தும். ஒருமுறை கழற்றினால் புதிதை வைக்க வேண்டும் என்று சேவைக் கையேடுகள் சொல்வதன் பொருள் அதுதான். ஆனால் நடைமுறையில் உடைத்த கிளிப்புக்கு ஈடு வைக்கப்படாமலே போவது மிக அதிகம். எட்டு இருந்த இடத்தில் ஐந்து இருக்கும், நிற்கத்தானே நிற்கிறது என்று வண்டி வெளியே போகும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமம். 120 கிலோமீட்டரில் அது இரு மடங்கைத் தாண்டுகிறது, ஏனெனில் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப அழுத்தம் ஏறுகிறது. முன்விளிம்பில் ஒரு கிளிப் இல்லாமல் தட்டு சற்றே தொங்கினால், காற்று அதைக் கரண்டிபோல் பற்றிக்கொள்ளும். மீதிக் கிளிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று தட்டு சாலையில் இழுபடும். ஊருக்குள் ஓடும்வரை ஒன்றும் ஆகாத வண்டி நெடுஞ்சாலையில் அடித்தட்டை இழக்கக் காரணம் இதுவே.

இவ்வளவு சிறிய பொருளுக்கு இவ்வளவு பெரிய விளைவா என்று தோன்றலாம். 2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கட்டுக்கடங்காமல் ஓடிய ஒரு லெக்சஸ் கார் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். வேறொரு மாதிரிக் காருக்கான ரப்பர் விரிப்பு ஓட்டுநரின் காலடியில் போடப்பட்டிருந்தது. அது தரையின் பிடிப்புக் கிளிப்புகளில் மாட்டப்படவில்லை என்று விசாரணையில் பதிவானது. முன்னே நகரும் விரிப்பு ஆக்ஸிலரேட்டரைச் சிக்கவைக்கும் ஆபத்தை முன்னிட்டு, டொயோட்டா அடுத்த சில வாரங்களில் சுமார் 38 லட்சம் வாகனங்களின் உரிமையாளர்களிடம் விரிப்பை எடுத்துவிடச் சொன்னது. விரிப்புக் கிளிப் நம் ரிவெட்டின் நெருங்கிய உறவு. அதன் வேலை கண்ணுக்குத் தெரியாது, மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் நிற்கும் காரில் ஒரு வேறுபாடும் தெரியாது. நம் ஊரில் எத்தனை கார்களில் கடையில் வாங்கிய விரிப்பைப் பழைய விரிப்பின் மேலேயே போட்டிருக்கிறார்கள் என்று, இந்தக் கூட்டம் முடிந்து போகும்போது உங்கள் காரிலேயே குனிந்து பாருங்கள். இதை மன்றாடியே கேட்கிறேன்.

தயாரிப்பாளர்கள் கிளிப்பைத் தேர்ந்தது நம் நன்மைக்காக அல்ல, ஆலையில் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் என்றும் சொல்லப்படுகிறது. உண்மை. திருகைப் பிடித்து, நேராக்கி, சுழற்றும் நேரத்தில் கிளிப்பைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். ஆலையில் மிச்சமான அந்த நேரம் பட்டறையில் செலவாகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் குற்றச்சாட்டு என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. மாட்டுவதை யோசிக்கவே தேவையில்லாத அளவுக்கு எளிதாக்கியவர்கள், கழற்றும் முறையையும் கிளிப்புக்குள் வைத்துவிட்டு, அதன் விளக்கத்தை மட்டும் விலைகொடுத்து வாங்கும் கையேட்டுக்குள் வைத்தார்கள். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து மில்லிமீட்டர் என்று துளைகள், ஒவ்வொன்றிலும் தண்டின் நீளம் வேறு, ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் எண் வேறு. சென்னை ஜி.பி. ரோட்டுக் கடையில் பழைய கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதே மாதிரி கொடுங்க’ என்று கேட்பதைத் தவிர வாங்குபவருக்கு வேறு மொழி இல்லை. உடைந்த துண்டோடு போனால் அந்த மொழியும் போய்விடுகிறது. அரை மில்லிமீட்டர் பெரியது கிடைத்தால் அடித்து ஏற்றுகிறார்கள், சிறியது கிடைத்தால் ஆடுகிறது. நேரமில்லை என்று பட்டறைக்காரர் சொல்வதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வகை தெரிந்த கைக்கு ஒரு கிளிப் சில விநாடி வேலை. வகையைத் தேடுவதிலும் உடைந்ததைத் தோண்டுவதிலும் ஈடு வாங்கப் பையனை அனுப்புவதிலும்தான் நேரம் போகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. மூழ்கிய காரை மீட்பதில் முதல் வேலைகளில் ஒன்று, விரிப்பையும் டோர் பேடையும் கழற்றி உலர்த்துவது. உள்ளே தேங்கிய ஈரம் ஒயர் இணைப்புகளை அரிக்கும், தகட்டைத் துருவாக்கும். அப்படிப்பட்ட வாரங்களில் ஒரு காரின் உட்புறத்தை எவ்வளவு வேகமாக, எவ்வளவு சேதமில்லாமல் திறக்க முடிகிறது என்பது அந்தக் கார் பிழைப்பதைப் பாதிக்கிறது. வாழ்நாள் முடிந்த காருக்கும் இது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய நெறிமுறை, 2015 முதல் காரின் எடையில் 95 விழுக்காடு மீண்டும் பயன்படவோ மீட்கப்படவோ வேண்டும் என்று வைத்தது. இந்தியாவிலும் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. புதுப்பேட்டையில் பிரித்து விற்கப்படும் டோர் பேடும் சக்கர உறையும் இன்னொரு காருக்குப் போக வேண்டுமானால் அவற்றின் கூடுகள் பெயராமல் இருக்க வேண்டும். சட்டம் எடையைக் கணக்கிடும். அந்த எடை பயன்படும் பாகமாக வெளியே வருமா, நொறுங்கிய துண்டாக வருமா என்பது கழற்றும் கையைப் பொறுத்தது.

ஆகவே, தொழிற்பயிற்சி நிலையங்களிலிருந்து வந்திருக்கும் மாணவர்களே, உங்கள் பயிற்சியில் எஞ்சினுக்குச் செலவிடும் மாதங்களோடு கிளிப்புக்கு ஒரு முழு நாள் கேளுங்கள். ஒரு பழைய பம்பரும் ஒரு கதவும் நான்கு வகைக் கிளிப்புகளும் இருந்தால் போதும், அந்த நாளைத் தொடங்கிவிடலாம். தயாரிப்பாளர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதைவிடச் சிறியது. கையில் ஒரு கிளிப் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். அச்சின் எந்தக் குழியில் வார்க்கப்பட்டது என்ற எண் பலவற்றில் இருக்கும், சிலவற்றில் பொருளின் குறியீடும் நிறுவனத்தின் முத்திரையும் இருக்கும். இவை எல்லாம் செய்தவருக்குத் தேவையான செய்திகள். மேலே, கண்ணுக்குத் தெரியும் தலை பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. அழுத்து என்றோ இழு என்றோ சுழற்று என்றோ காட்ட ஓர் அம்புக்குறி, துளையின் அளவைச் சொல்ல ஓர் எண். அச்சை ஒருமுறை செதுக்கிவிட்டால் அதிலிருந்து பிறக்கும் லட்சம் கிளிப்புகளுக்கும் கூடுதல் செலவில்லை. பதினெட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தத் தலையில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.